குழந்தை பிழைத்தது சரி, பணம் என்ன செய்தது?

குழந்தைகளின் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் திரட்டும் தொண்டு நிறுவனங்களின் பக்கங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் ஏறக்குறைய ஒரே அச்சுதான். ஒரு குழந்தையின் படம், வயது, நோயின் பெயர், தேவைப்படும் தொகை, இதுவரை எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் ஒரு பட்டை, கீழே ஏற்கெனவே குணமாகி வீட்டுக்குப் போன குழந்தைகளின் சிரிப்பு. நான் இந்த மாதிரி இடங்களுக்குப் பணம் அனுப்புகிறவன்தான். அனுப்புவதற்கு முன்னால் ஆண்டறிக்கை, தணிக்கை அறிக்கை என்று எல்லாவற்றையும் கிளறிப் பார்க்கிற பழக்கமும் உண்டு, அதனால் நண்பர்கள் அடிக்கடி ஏதாவது ஒரு லிங்க்கை அனுப்பி "இவங்களை நம்பலாமா?" என்று கேட்பார்கள்.

மோசடியா இல்லையா என்று பார்ப்பது பாதி வேலைகூட இல்லை. நிறுவனம் நேர்மையானது, குழந்தை நிஜம், நோய் நிஜம், பில் நிஜம், அறுவை சிகிச்சை நடந்தது, குழந்தை பிழைத்தது என்றே வைத்துக்கொள்வோம். இவ்வளவும் உண்மையாக இருந்தும் நாம் கொடுத்த பணத்தால் எதுவுமே மாறாமல் போயிருக்கலாம்.

எப்படி? அந்தக் குழந்தைக்கு நம் பணம் வராவிட்டாலும் சிகிச்சை நடந்திருக்கும் என்றால், அப்படித்தான். ஏழை நோயாளிகளுக்கென்று பல மருத்துவமனைகள் தனியாக ஒரு நிதி வைத்திருக்கின்றன. வராத பாக்கியைக் கணக்கில் தள்ளுபடி செய்வதும் வழக்கம். அரசுத் திட்டம் இருக்கலாம், காப்பீடு இருக்கலாம், அதே வார்டுக்குள் நுழைந்து நுழைந்து வரும் இன்னும் நாலு தொண்டு நிறுவனங்கள் இருக்கலாம். மருத்துவமனையின் சமூகப் பணியாளர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். யாரை எந்த நிதியில் சேர்ப்பது என்று அவர்தான் பிரிக்கிறார். நம் நிறுவனம் ஒரு பெயரை எடுத்துக்கொண்டால் அந்தப் பெயருக்கு ஒதுக்கியிருந்த பணம் வேறு ஒன்றுக்குப் போகும். அந்த வேறு ஒன்று என்ன என்பதில்தான் நம் நன்கொடையின் உண்மையான பலன் இருக்கிறது. இன்னொரு குழந்தையாக இருந்தால் நல்லது. வரவேற்பறைக்குப் புது நாற்காலி என்றாலும் அது குற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் நாம் படத்தைப் பார்த்துக் கொடுத்தது அதற்காக இல்லை.

இந்தச் சிக்கல் மருத்துவத்துக்கு மட்டுமானதும் இல்லை. சிறுகடன் கொடுக்கும் கீவா தளத்தில், நாம் ஒரு பெண்ணின் படத்தைத் தேர்ந்தெடுத்து அவருக்குக் கடன் கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம். பெரும்பாலான நேரங்களில் அவருக்கு அந்தக் கடன் ஏற்கெனவே கொடுக்கப்பட்டு விட்டது என்பதை 2009இல் டேவிட் ரூட்மன் என்ற பொருளாதார ஆய்வாளர் எடுத்துக்காட்டி எழுதினார். நம் பணம் உள்ளூர்க் கடன் நிறுவனத்தின் கஜானாவை நிரப்பியதே தவிர, அந்தப் பெண்ணின் கைக்கு நேரே போகவில்லை. கீவா அப்புறம் தன் விளக்கத்தைத் தெளிவாக மாற்றி எழுதியது. குழந்தை மருத்துவத்திலும் இதே கேள்வியைக் கேட்கலாம், கேட்க வேண்டும்: பட்டை நிரம்பாவிட்டால் இந்தக் குழந்தைக்கு என்ன நடக்கும்? அறுவை நிற்குமா? நிற்காது, பொது நிதியிலிருந்து கொடுத்துவிடுவோம் என்றால், சரி, அப்போது நான் கொடுப்பது பொது நிதிக்கு. அதை அப்படியே சொல்லிக் கேட்டால் கொடுக்க மாட்டேனா என்ன?

ஆனால் அப்படிச் சொல்லிக் கேட்டால் பணம் வராது என்பதும் அவர்களுக்குத் தெரியும். 2007இல் ஸ்மால், லோவன்ஸ்டீன், ஸ்லோவிக் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் அறிந்தது. ஆப்பிரிக்காவின் பட்டினி பற்றிய புள்ளிவிவரங்களைப் படித்தவர்கள் சராசரியாக 1.14 டாலர் கொடுத்தார்கள். ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியின் படத்தையும் கதையையும் மட்டும் பார்த்தவர்கள் 2.38 டாலர். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது தொகை கூடியிருக்க வேண்டும் என்றுதானே நினைப்போம்? 1.43க்கு இறங்கிவிட்டது. எண்கள் உள்ளே வந்ததும் மனசு ஒரு அடி பின்வாங்குகிறது. அதனால் நிதி திரட்டுகிறவர்கள் எண்களை எடுத்துவிட்டு முகத்தை வைக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. முகத்தைப் பார்த்து நின்றுவிடாமல் எண்களைக் கேட்டு வாங்குவது கொடுக்கிறவர்களின் வேலை என்று மட்டும் சொல்கிறேன்.

நான் முதலில் கேட்பது, திருப்பி அனுப்பப்பட்ட குழந்தைகளைப் பற்றி. போன வருடம் எத்தனை பேர் உதவி கேட்டு வந்தார்கள், எத்தனை பேருக்கு இல்லை என்று சொன்னீர்கள், ஏன், அவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் நிறுவனம், வேறு எதைச் செய்யாவிட்டாலும், தன் வேலையைப் பற்றி யோசித்திருக்கிறது என்று அர்த்தம். திருப்பி அனுப்பப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எப்படியோ வேறு வழியில் சிகிச்சை கிடைத்துவிட்டது என்று தெரிந்தால், ஏற்றுக்கொண்டவர்களிலும் அதே மாதிரி பலருக்குக் கிடைத்திருக்கும் என்று ஊகிக்கலாம். யாருக்குமே கிடைக்கவில்லை என்றால் இந்தப் பணம் நிஜமாகவே உயிருக்கும் சாவுக்கும் நடுவில் நிற்கிறது. இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம், ஒரு ஆள் உட்கார்ந்து போன் செய்தால் போதும். நான் இப்படி எழுதிக் கேட்ட ஒரு நிறுவனம் (பெயர் வேண்டாம்) நன்றிக் கடிதத்தோடு இன்னும் மூன்று படங்களை அனுப்பி வைத்தது. இன்னொரு நிறுவனம் "யாரையும் திருப்பி அனுப்பியதே இல்லை" என்று பெருமையாகப் பதில் போட்டது. பணம் பற்றாக்குறை என்று வருடம் முழுக்க வேண்டுகோள் விடுக்கிற இடம் யாரையும் திருப்பி அனுப்பவில்லை என்றால், ஒன்று பற்றாக்குறை இல்லை, அல்லது தேர்வு அவர்கள் கதவுக்கு வெளியே, வேறு யாரோ ஒருவர் மேஜையில் நடந்துகொண்டிருக்கிறது.

அந்தத் தேர்வு சாதாரண விஷயம் இல்லை. வெற்றி விகிதம் 98 சதவீதம் என்று ஒரு இதய அறுவைத் திட்டம் சொன்னால் எனக்கு உடனே சந்தோஷம் வராது, என்ன மாதிரி இதயங்கள் என்று கேட்கத் தோன்றும். இதயத்தின் மேலறைகளுக்கு நடுவில் இருக்கும் ஓட்டையை மூடுவதும், பிறந்த சில நாட்களேயான குழந்தைக்குத் தடம் மாறிய பெரிய ரத்தக்குழாய்களை மாற்றிப் பொருத்துவதும் ஒரே கணக்கில் வரக்கூடியவை அல்ல. மருத்துவர்கள் இதற்காகவே அறுவைகளை ஆபத்தின் அளவுப்படி வகை பிரித்து வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு வகையிலும் எத்தனை மரணம் என்று பார்த்தால்தான் ஒப்பிட முடியும். சுலபமான கேஸ்களை மட்டும் எடுத்தால் எவரும் 98 காட்டலாம். அதற்காகக் கடினமான கேஸ்களை எடுக்கச் சொல்கிறேன் என்று இல்லை, கையில் இருக்கும் பணத்துக்கு அதிகக் குழந்தைகள் பிழைப்பார்கள் என்றால் சுலபமானதை எடுப்பதே நியாயம். அதை வெளிப்படையாகச் சொன்னால் போதும்.

நிர்வாகச் செலவு பற்றி அதிகம் பேசப் போவதில்லை, ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள். "நூற்றுக்கு எத்தனை ரூபாய் குழந்தைக்குப் போகிறது?" என்ற கேள்வி நியாயமாகத் தோன்றும், ஆனால் அதன் பதிலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 2013இலேயே கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் ஆகிய மூன்று மதிப்பீட்டு அமைப்புகளும் சேர்ந்து அமெரிக்க நன்கொடையாளர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதின, இந்த ஒரு எண்ணை வைத்து எடை போடாதீர்கள் என்று. மருத்துவ நிதி விஷயத்தில் இது இன்னும் மோசமாக ஏமாற்றும். வருகிற பணத்தை அப்படியே மருத்துவமனைக்குக் கைமாற்றி விடும் நிறுவனத்துக்கு நிர்வாகச் செலவு ஐந்து சதவீதம்கூட வராது. மருத்துவமனை போட்ட பில்லுக்குள் அதன் மேலாளர் சம்பளமும் கட்டடக் கடன் வட்டியும் லாபமும் ஒளிந்திருக்கும், ஆனால் அது "நேரடி சிகிச்சைச் செலவு" என்ற தலைப்பில் உட்கார்ந்திருக்கும். மாறாக, பில்லை வரி வரியாகச் சரிபார்க்கவும், வீட்டுக்குப் போன குழந்தைகளைத் தேடிப் பிடித்து விசாரிக்கவும் ஆட்களை வைத்திருக்கும் நிறுவனத்தின் கணக்கில் அதெல்லாம் நிர்வாகச் செலவாக வரலாம். எனக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

வீட்டுக்குப் போனபிறகு என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான அறிக்கைகள் டிஸ்சார்ஜ் அன்றைக்கே முடிந்துவிடுகின்றன. ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டுப்போன ஒரு சிறுமிக்குச் செயற்கை உலோக வால்வு பொருத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்கொடையாளர் பார்வையில் அது ஒரு அறுவை, ஒரு தொகை, ஒரு நன்றிக் கடிதம். அவளுக்கோ அன்றிலிருந்து ஆயுள் முழுக்க, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை. அளவு குறைந்தால் வால்வில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும், மூளைக்குப் போனால் பக்கவாதம். கூடினால் ரத்தக்கசிவு. அதனால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்து அளவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குப் பக்கத்தில் ஒரு ஆய்வகம் வேண்டும். அவள் வளர்ந்து கர்ப்பமானால் அந்த மருந்தே வயிற்றுக் குழந்தைக்கு ஆபத்து. சின்ன வயதில் போட்ட வால்வு உடம்பு வளர வளரப் போதாமல் போய் மறு அறுவை வரலாம். பழைய நோய் திரும்பாமல் இருக்க மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி, அதுவும் வருடக்கணக்கில். இதில் ஒன்றுக்கும் அந்தப் பட்டையில் இடமே கிடையாது. ஒரு திட்டம் அறுவைக்குக் கொடுத்துவிட்டு மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் கொடுக்கவில்லை என்றால், அது வாங்கிக் கொடுத்தது சில வருட ஆயுளாக மட்டும் இருக்கலாம். ஆறு மாதம், ஒரு வருடம், ஐந்து வருடம் கழித்து எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள், எத்தனை பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்று கேட்பது அதனால்தான். "கண்டுபிடிக்க முடியவில்லை" என்ற எண்ணிக்கையைத் தயங்காமல் போடுகிற அறிக்கையை நான் அதிகம் நம்புவேன்.

பிளவுபட்ட உதடும் அப்படித்தான், படத்துக்கு ஏற்ற நோய் அதைவிட இல்லை, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டு படம் வைத்தால் முடிந்தது. ஆனால் அண்ணமும் பிளந்திருந்தால் தனியாக இன்னொரு அறுவை, பேச்சுப் பயிற்சி, காது கவனிப்பு, ஈறு எலும்புக்கு எட்டுப் பத்து வயதில் மேலும் ஒரு அறுவை என்று கதை நீளும். பேச்சு தெளிவாக வந்ததா என்று எந்தப் படத்திலும் தெரியாது.

இதற்கெல்லாம் மேலாக என் எண்ணத்தை மாற்றியது குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை பற்றிப் படித்ததுதான். உலக சுகாதார நிறுவனம் 2018இல் குழந்தைப் புற்றுநோய்க்கென்று ஒரு முயற்சியைத் தொடங்கியது. பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள், பல ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் 30 சதவீதம்கூடத் தேறுவதில்லை என்பது அதன் கணக்கு. 2030க்குள் உலக அளவில் குறைந்தது 60க்குக் கொண்டுவருவது இலக்கு. இந்த இடைவெளியைப் பார்த்ததும் மருந்து இல்லை, மெஷின் இல்லை, டாக்டர் இல்லை என்றுதான் நமக்குத் தோன்றும். அதுவும் உண்டு. ஆனால் ஒரு பெரிய பங்கு, பாதியில் நின்றுபோகும் சிகிச்சை. லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு மூன்று வருடம் மருந்து தர வேண்டும். முதல் சில வாரங்களிலேயே குழந்தை தேறி ஓடி விளையாட ஆரம்பித்துவிடும். ஆஸ்பத்திரியோ தூரம், பஸ் காசு இல்லை, நகரத்தில் தங்க இடம் இல்லை, அப்பா வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது, வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள். நன்றாகத்தானே இருக்கிறான் என்று நிறுத்திவிடுகிறார்கள். நோய் திரும்பி வரும்போது முன்பு கேட்ட மருந்து கேட்காது.

பிரேசிலின் ரெசிஃபி நகரில், அமெரிக்காவின் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனையோடு சேர்ந்து செய்த வேலை 2004இல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது. 1980களில் அங்கே சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் 16 சதவீதம். குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு, பயிற்சி பெற்ற நர்சுகள், ஒழுங்கான சிகிச்சை முறை, கூடவே குடும்பங்களுக்குத் தங்க இடம், போக்குவரத்து, சமூக உதவி எல்லாம் வந்த பிறகு 2000க்கு முன்பின்னான வருடங்களில் அது 0.5 சதவீதம். நோய் திரும்பாமல் ஐந்து வருடம் தாண்டியவர்கள் 32 சதவீதத்திலிருந்து 63க்கு ஏறினார்கள். இதில் தங்குமிடத்துக்கு எவ்வளவு பங்கு, மருந்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாதுதான், எல்லாம் சேர்ந்துதான் வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், "இந்த அம்மாவுக்கு மூன்று வருடத்துக்கு பஸ் டிக்கெட் வாங்கிக் கொடுங்கள்" என்று எந்தப் பக்கத்திலாவது பட்டை பார்த்திருக்கிறீர்களா?

ஆக்சிஜனும் அதே கதி. நிமோனியா வந்த குழந்தை எத்தனையோ இடங்களில் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து சாகிறது, குறைந்திருப்பது கண்ணால் பார்த்து எப்போதும் தெரிவதில்லை. பாப்புவா நியூ கினியில் ஐந்து மருத்துவமனைகளில் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரையும், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர்களையும் வைத்து, ஊழியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். நிமோனியாவோடு சேர்ந்த குழந்தைகளில் இறந்தவர்கள் 4.97 சதவீதத்திலிருந்து 3.22க்குக் குறைந்தார்கள், அதாவது மரண வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு இது. மலாவியின் பிளான்டைர் நகரத்து அரசு மருத்துவமனையில் அதைவிடச் சாதாரணமான ஒன்றைச் செய்தார்கள். வரிசையில் வந்து நிற்கும் குழந்தைகளில் யாருக்கு அவசரம் என்று வந்தவுடனே பார்த்துப் பிரித்து, அவர்களை முதலில் கவனிப்பது. உள்நோயாளிக் குழந்தைகளின் மரணம் அதற்கு முன் 10 முதல் 18 சதவீதம்வரை இருந்தது, பிறகு 6 முதல் 8 சதவீதத்துக்குள் வந்தது. இதில் பிழைத்த குழந்தை எது என்று யாராலும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. அந்தக் குழந்தையின் அம்மாவுக்கே தெரியாது. நன்றிக் கடிதம் எழுத ஆள் இல்லாத உதவி என்பதால்தான் இதற்குப் பணம் வருவது கஷ்டமாக இருக்கிறது. மருத்துவமனைகளுக்கு நிதி தரும் ஒரு நிறுவனம் தன் பட்ஜெட்டில் இந்த மாதிரி விஷயங்களுக்கு எவ்வளவு ஒதுக்குகிறது என்பதை நான் கட்டாயம் பார்ப்பேன், கொஞ்சம்கூட இல்லை என்றால் படங்களுக்காகத்தான் திட்டம் போடுகிறார்கள் என்ற சந்தேகம் வந்துவிடும்.

இன்னொரு சங்கடமான விஷயமும் உண்டு. சில நாடுகளில் பில் கட்ட முடியாத நோயாளிகளை, பிரசவித்த தாயையும் குழந்தையையும்கூட, மருத்துவமனைகள் வெளியே விடாமல் பிடித்து வைக்கின்றன; லண்டனில் உள்ள சாத்தம் ஹவுஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2017இல் இதைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. அங்கே போய் பாக்கியைக் கட்டி மீட்டுக்கொண்டு வரும் தொண்டு நிறுவனத்தைப் பார்த்தால் யாருக்கும் கை தானாகப் பைக்குள் போகும். ஆனால் ஒவ்வொரு தடவையும் யாரோ வந்து கட்டிவிடுகிறார்கள் என்று தெரிந்த மருத்துவமனை அந்தப் பழக்கத்தை ஏன் விட வேண்டும்? இதற்கு என்னிடம் சுத்தமான விடை இல்லை. உள்ளே இருக்கிற குழந்தையை மீட்கத்தான் வேண்டும். அதே நிறுவனம் அந்த மருத்துவமனையோடு, அரசோடு இதை நிறுத்தச் சொல்லிச் சண்டையும் போடுகிறதா என்று மட்டும் பார்க்கிறேன்.

சம்மதம் பற்றியும் ஒரு வார்த்தை. தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் நிற்கும் ஒரு தகப்பனிடம் "பிள்ளையின் படத்தைப் போடலாமா?" என்று பில் கட்டப்போகிறவர்களே கேட்டால் அவர் மாட்டேன் என்று சொல்வாரா? படத்துக்கு ஒப்புக்கொள்ளாதவர்களுக்கும் அதே உதவி கிடைக்கிறது என்று எழுத்தில் இருக்க வேண்டும். இதைக் கேட்டு எழுதினால் சில இடங்களில் உடனே பதில் வரும், சில இடங்களில் வரவே வராது.

இவ்வளவு பேசிவிட்டு, கடைசியில் வரும் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. 2007இல் தொடங்கிய கிவ்வெல் மாதிரியான மதிப்பீட்டு அமைப்புகள், கொசுவலை, மலேரியாத் தடுப்பு மாத்திரை, வைட்டமின் ஏ போன்றவற்றில் சில ஆயிரம் டாலருக்கு ஒரு உயிர் காக்கப்படுவதாகக் கணக்கிடுகின்றன. சிக்கலான ஒரு அறுவைக்கே அவ்வளவு ஆகிவிடும், அதிலும் அந்தக் குழந்தை நம் பணம் இல்லாமலே பிழைத்திருக்கக்கூடியது என்றால் கணக்கு இன்னும் மோசம். அப்படியானால் மருத்துவமனைக்குக் கொடுப்பதே வீண் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. எனக்கு அவ்வளவு தூரம் போக முடியவில்லை. நோய் வந்தபிறகு போய் நிற்க ஒரு இடம் இல்லாத ஊரில் தடுப்பு வேலை மட்டும் போதாது, நர்சுகளும் ஆய்வகமும் ஆக்சிஜனும் இருக்கிற ஒரு வார்டு அடுத்த இருபது வருடத்துக்கு வருகிற எல்லாக் குழந்தைகளுக்கும் பயன்படும். தனித்தனி பில் கட்டுவதற்கும் வார்டைக் கட்டியெழுப்புவதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தை மேலே சொன்ன கணக்குகள் சரியாகப் பிடிப்பதில்லை என்பது என் அபிப்பிராயம், மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

அதனால் இப்போது நான் கொடுப்பதில் பெரும்பகுதி தடுப்புக்குப் போகிறது, மீதி ஒரு மருத்துவமனை நிதிக்கு. அந்த நிதியை நடத்துகிறவர்கள் போன அறிக்கையில் எந்தக் குழந்தையின் முகத்தையும் போடவில்லை. எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்று ஒரு அட்டவணை இருந்தது, தூரம்தான் முதல் காரணம் என்று எழுதியிருந்தார்கள். அடுத்த வருடத் திட்டத்தில் பெற்றோர் தங்கும் அறைகளும், கான்சன்ட்ரேட்டர்களைப் பழுது பார்க்க ஒரு டெக்னீஷியனும். டெக்னீஷியன் சம்பளத்தை யாரும் ஏற்கவில்லை, பொது நன்கொடையிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும் என்று அடிக்குறிப்பில் இருந்தது. என் பணத்தை அதற்கே வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதி அனுப்பினேன்.